பரிசீலனை மேஜையில் முடிந்துபோகும் தேர்தல்கள்

டெபாசிட் கட்டி, கையெழுத்து வாங்கி, மனுவைக் கொடுத்துவிட்டால் யாரும் வேட்பாளர் ஆகலாம் என்று நினைக்கிறோம். வாக்காளர் கண்ணில் படுவதற்கு முன்பே பெயர்கள் கழித்துக் கட்டப்படும் ஒரு நாள் தேர்தல் அட்டவணையில் இருக்கிறது. அன்று நடப்பது நியாயமா?

2024 மக்களவைத் தேர்தலில் குஜராத்தின் சூரத் தொகுதி மக்கள் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. போக வேண்டிய வேலை வரவில்லை. ஏப்ரல் 21 அன்று காங்கிரஸ் வேட்பாளரின் மனு தள்ளுபடியானது. அவரை முன்மொழிந்தவர்களே, ‘மனுவில் இருப்பது எங்கள் கையெழுத்து அல்ல’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாற்று வேட்பாளரின் மனுவும் நிற்கவில்லை. மறுநாள், களத்தில் மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் வாபஸ் வாங்கிக்கொள்ள, பாஜகவின் முகேஷ் தலால் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. குஜராத்தில் வாக்குப்பதிவு மே 7. அதற்குப் பதினைந்து நாள் முன்பே சூரத்துக்கு எம்.பி. கிடைத்துவிட்டார்.

அதே தேர்தலில் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் தானாகவே வாபஸ் வாங்கினார். அங்கே வேறு சிலர் களத்தில் இருந்ததால் தேர்தல் நடந்தது. 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தித் தங்கள் கோபத்தைப் பதிவு செய்தார்கள். சூரத்தில் கோபத்தைக் காட்டக்கூட ஒரு பொத்தான் இல்லை.

பணப் பட்டுவாடா, வாக்குப்பதிவு இயந்திரம், வாக்காளர் பட்டியல் என்று தேர்தலைப் பற்றி நாம் நிறையச் சண்டை போடுகிறோம். வாக்குச்சீட்டில் யார் பெயர் ஏறலாம், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது மட்டும் வேட்புமனு வாரத்தோடு மறந்துபோகிறது. இந்தக் கேள்வியில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று, சட்டம் எழுதி வைத்திருக்கும் நிபந்தனைகள். இன்னொன்று, அந்த நிபந்தனைகள் நிறைவேறினவா என்று ஓர் அதிகாரி உட்கார்ந்து முடிவு செய்யும் பரிசீலனை. விவாதமெல்லாம் முதல் அடுக்கோடு நின்றுவிடுகிறது. அநியாயத்துக்கு அதிக இடம் இரண்டாவதில்தான்.

சட்டம் கேட்பது என்ன?

இந்தியாவில் சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ போட்டியிட 25 வயது நிறைந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். காலை 11 மணி முதல் மாலை 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். சொத்து, கடன், வழக்குகள், படிப்பு எல்லாவற்றையும் படிவம் 26-ல் பிரமாணப் பத்திரமாக எழுதி இணைக்க வேண்டும். உறுதிமொழி எடுக்க வேண்டும். டெபாசிட் கட்ட வேண்டும். அதே தொகுதியின் வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்கும், பதிவு மட்டும் பெற்று அங்கீகாரம் பெறாத கட்சிக்காரருக்கும் பத்துப் பேர் வேண்டும்.

பதிவான செல்லுபடி வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்தால் டெபாசிட் திரும்பி வரும். இல்லையென்றால் அரசு கஜானாவுக்குப் போகும். ‘டெபாசிட் காலி’ என்பது தமிழ்நாட்டு மேடைகளில் ஒரு வசவாகவே ஆகிவிட்டது. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் 489 மக்களவை இடங்களுக்கு 1,874 பேர் நின்று, 745 பேர் டெபாசிட் இழந்தார்கள். அப்போது பத்தில் நான்கு பேர். இப்போது பத்தில் எட்டுப் பேருக்கும் மேல்.

மொடக்குறிச்சிக்குப் பின்

இன்றைய நிபந்தனைகளின் கதை 1996-ல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் திரும்புகிறது. விவசாயிகளின் குறைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். சட்டமன்றத்தின் ஓர் இடத்துக்கு 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில், குடிநீரில் ஃபுளோரைடு பிரச்சினையை நாட்டுக்குக் காட்ட அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர் நின்றார்கள். கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர் நின்றார்கள். நாடு முழுக்க மக்களவை வேட்பாளர்களின் எண்ணிக்கை 13,952.

அரசு சட்டத்தைத் திருத்தியது. 1996 ஆகஸ்டிலிருந்து டெபாசிட் இருபது மடங்கானது. கட்சி சாராதவருக்குப் பத்து முன்மொழிபவர்கள் என்ற விதி வந்தது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்க முடியாது என்றானது. இதற்கு முன் எந்த வேட்பாளர் இறந்தாலும் தேர்தல் நின்றுபோகும். இனிமேல் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால் மட்டும்தான் ஒத்திவைப்பு. பலன் உடனே தெரிந்தது. 1998 தேர்தலில் மக்களவை வேட்பாளர்கள் 4,750 பேர்தான்.

மொடக்குறிச்சி விவசாயிகள் 1996-ல் ஆளுக்கு ரூ. 250 கட்டினால் போதுமாக இருந்தது. மொத்தமாகப் பார்த்தால் அதிகபட்சம் இரண்டரை லட்சம் சொச்சம். அதே 1,033 பேர் இன்று நிற்க நினைத்தால் ஒரு கோடி ரூபாய்க்கு மேலும், 10,330 கையெழுத்துகளும் வேண்டும்.

ஆனாலும் எதிர்ப்பு நின்றுவிடவில்லை. 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத் தொகுதியில் மஞ்சள் வாரியம் கேட்டு 178 விவசாயிகள் டெபாசிட் கட்டி மனுத்தாக்கல் செய்தார்கள். மொத்த வேட்பாளர்கள் 185 பேர். ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்குப்பதிவுப் பலகைகளை வரிசையாக அடுக்கித் தேர்தல் நடத்தினார்கள். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. நம் ஊரில் 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றார்கள். ஐந்து பலகைகளில் வேலை முடிந்தது. பழைய இயந்திரத்தில் அதிகபட்சம் 64 பெயர்கள். இப்போதைய ‘எம்-3’ இயந்திரத்தில் 384 வரை ஏற்றலாம். வாக்குச்சீட்டு நீளும், அச்சகம் தாங்காது என்ற பழைய வாதத்தின் பலம் பாதிக்கு மேல் போய்விட்டது.

டெபாசிட் யாரைத் தடுக்கிறது?

*எவ்வளவு கட்ட வேண்டும்?*
*1951: மக்களவை ரூ. 500, சட்டமன்றம் ரூ. 250*
*1996 திருத்தம்: ரூ. 10,000, ரூ. 5,000*
*2009 திருத்தம் (2010 முதல்): ரூ. 25,000, ரூ. 10,000*
*பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு இதில் பாதி.*

பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் ரூ. 40 லட்சம் வரையும், மக்களவை வேட்பாளர் ரூ. 95 லட்சம் வரையும் செலவழிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கணக்கில் பத்தாயிரம் என்பது தேநீர்ச் செலவு. இதைத் தாண்ட முடியாதவர் எப்படிப் பிரசாரம் செய்வார் என்று கேட்பவர்கள் உண்டு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் நிர்ணயித்த தினக்கூலி ரூ. 336. சட்டமன்ற டெபாசிட் ஏறத்தாழ முப்பது நாள் கூலி. மக்களவை டெபாசிட் 74 நாள் கூலி. வேட்புமனு வாரத்தில் சில்லறைக் காசு மூட்டையோடு ஆட்சியர் அலுவலகம் வரும் சுயேச்சையைப் படம் பிடித்துப் போட்டு நாம் சிரிக்கிறோம். பணம் இருப்பவரின் விளையாட்டுத்தனத்தை டெபாசிட் தடுப்பதில்லை. மேட்டூர் பத்மராஜன் 1988 முதல் இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று, எல்லாவற்றிலும் தோற்று, அதையே ஒரு சாதனையாக ஆக்கிக்கொண்டவர். கட்டணம் அவரைத் தடுக்கவில்லை. தெருவிளக்குக்காகவும் பட்டாவுக்காகவும் நிற்க நினைக்கும் ஒருவரைத்தான் அது யோசிக்க வைக்கும்.

டம்மி வேட்பாளர்களைத் தடுக்கிறதா என்றால், அதுவும் இல்லை. எதிராளியின் பெயரிலேயே ஆள் தேடி நிறுத்துவது நம் ஊர்க் கட்சிகளுக்குக் கைவந்த கலை. 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் பலர் களத்துக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் சாவடி முகவர், எண்ணிக்கை முகவர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்பதால், கூடுதல் ஆட்களுக்காகவே பினாமி வேட்பாளர்களை நிறுத்தும் பழக்கமும் உண்டு. இவர்களுக்கெல்லாம் டெபாசிட் கட்ட ஆள் இருக்கிறது. பெயர்க் குழப்பத்தைக் குறைத்தது டெபாசிட் உயர்வு அல்ல. 2015-லிருந்து வாக்குச்சீட்டில் வேட்பாளரின் புகைப்படத்தைப் போட்ட எளிய ஏற்பாடு.

ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்குப் பத்து

கையெழுத்து நிபந்தனையில் ஒரு நியாயம் இருக்கிறது. தொகுதியில் பத்துப் பேர்கூட ஆதரிக்காதவர் ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்வியைச் சுலபமாகத் தள்ள முடியாது. பணத்தைவிடக் கையெழுத்து நேர்மையான அளவுகோல். ஆதரவு இருக்கிறதா என்பதைத்தானே தேர்தலில் பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சி ஏற்கெனவே ஆதரவை நிரூபித்துவிட்டதால் அதற்கு ஒரு கையெழுத்து போதும் என்பதும் புரிகிறது.

சிக்கல், அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் விதத்தில் வருகிறது. 2017 டிசம்பரில் சென்னை ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். நடிகர் விஷால் சுயேச்சையாக மனுத்தாக்கல் செய்தார். பரிசீலனை நாளில் அவரை முன்மொழிந்த பத்துப் பேரில் இருவர், கையெழுத்து தங்களுடையது அல்ல என்றார்கள். அவர்கள் மிரட்டப்பட்டார்கள் என்று விஷால் குற்றம்சாட்டி, ஒரு தொலைபேசி உரையாடலையும் வெளியிட்டார். மனு ஏற்கப்பட்டது என்று மாலையில் ஒரு செய்தி வந்தது. இரவில் நிராகரிப்பு என்று முடிந்தது. யார் சொன்னது உண்மை என்று விசாரிக்க அவகாசமும் இல்லை, அதற்கான மன்றமும் இல்லை. பத்தில் எட்டு சரியாக இருந்தும், மனுத்தாக்கல் நேரம் முடிந்துவிட்டதால் வேறு இருவரைக் கொண்டுவரவும் முடியாது. ஆறு ஆண்டு கழித்து சூரத்தில் நடந்ததும் இதே காட்சிதான். பத்துக் கையெழுத்து தேவைப்படும் சுயேச்சைக்கு ஆபத்து பத்து மடங்கு. அவரைக் களத்திலிருந்து அகற்ற, தொகுதியையே வெல்ல வேண்டியதில்லை. ஒருவரைப் பிறழ வைத்தால் போதும்.

2019-ல் வாரணாசியிலும் கடிகாரம்தான் முடிவு செய்தது. எல்லையில் வீரர்களுக்குத் தரப்படும் சாப்பாட்டைப் பற்றி வீடியோ வெளியிட்டுப் பணிநீக்கம் செய்யப்பட்ட தேஜ் பகதூர் யாதவ், பிரதமரை எதிர்த்து சமாஜ்வாதி வேட்பாளராக மனுப் போட்டார். ஊழலுக்கோ நாட்டுக்கு விசுவாசமின்மைக்கோ நீக்கப்படவில்லை என்று தேர்தல் ஆணையத்தின் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். கொடுத்த கெடு, மறுநாள் காலை 11 மணி. மனு தள்ளுபடியானது. மனுவோடு சான்றிதழை இணைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மை. டெல்லியில் இருக்கும் ஆணையத்திடமிருந்து ஓர் இரவுக்குள் அதை வாங்கிவரச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்பதும் நியாயமான கேள்வி.

நாமக்கல்லில் எழுந்த கேள்வி

தப்பான நிராகரிப்புக்கு எதிராக நீதிமன்றம் போகலாமே என்று தோன்றும். அந்தக் கேள்வியை நாட்டிலேயே முதலில் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் நம் நாமக்கல்லில் நின்றவர்தான். முதல் பொதுத்தேர்தலில் சேலம் மாவட்டத்தின் நாமக்கல் தொகுதியிலிருந்து சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு என்.பி.பொன்னுசாமி மனுத்தாக்கல் செய்தார். 1951 நவம்பரில் தேர்தல் அலுவலர் அதைத் தள்ளினார். உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 1952 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றமும் கையை விரித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 329(ஆ) பிரிவின்படி, தேர்தல் என்பது அறிவிக்கை முதல் முடிவு வரை ஒரே தொடர். நடுவில் நீதிமன்றம் குறுக்கிடக் கூடாது. குறை இருந்தால் தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனுவாகக் கொண்டுவாருங்கள் என்பது தீர்ப்பு. இன்றுவரை நாட்டுக்கே அதுதான் விதி.

அந்தத் தீர்ப்புக்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு நிராகரிப்புக்கும் தடையுத்தரவு வாங்கினால் எந்தத் தேர்தலும் குறித்த நாளில் நடக்காது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது வேட்பாளரும் வாக்காளரும். தேர்தல் முடிந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். பல வழக்குகள் சட்டமன்றத்தின் ஆயுளோடு போட்டி போடுகின்றன.

இதில் ஒரு வினோதம் உண்டு. தகுதியற்ற மனுவைத் தப்பாக ஏற்றுக்கொண்டால், அதனால் முடிவு மாறியது என்று நிரூபித்தால்தான் தேர்தல் செல்லாது. சரியான மனுவைத் தப்பாக நிராகரித்தால், வேறெதையும் நிரூபிக்க வேண்டாம். அந்த ஒரு காரணத்துக்காகவே தேர்தல் செல்லாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 100-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ‘கணிசமானதல்லாத’ குறைக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று 36-வது பிரிவு அதிகாரிக்குக் கட்டளையிடுகிறது. அதாவது, இரண்டு தவறுகளில் நிராகரிப்பே பெரியது என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. அந்தப் பெரிய தவறைத் திருத்தும் வழியைத்தான் வாக்கெடுப்புக்குப் பிறகு வைத்திருக்கிறது.

வெளிநாடுகளில்

பிரிட்டனில் டெபாசிட் 500 பவுண்டு. 5 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கினால் திரும்பக் கிடைக்கும். பத்து வாக்காளர்களின் கையெழுத்து எல்லாருக்கும் பொது. ஆளும் கட்சிக்கும் அதேதான். அங்கே அதிகாரி மனுவில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறார். கையெழுத்து உண்மையா என்று துப்பறிவது அவர் வேலை அல்ல. கெடு முடிவதற்கு முன்பே மனுவைப் பார்த்துக் குறைகளைச் சொல்லித் திருத்தவும் வாய்ப்பு உண்டு.

அயர்லாந்தில் டெபாசிட் ஏழைகளுக்குப் பாரபட்சமானது என்று 2001-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. இப்போது அங்கே கட்சி சாராதவர் பணம் கட்டலாம், அல்லது தொகுதி வாக்காளர்கள் 30 பேரின் ஒப்புதலைக் கொண்டுவரலாம். ஏதாவது ஒன்று போதும். இந்தியச் சுயேச்சையிடம் நாம் இரண்டையும் கேட்கிறோம்.

தப்பான பக்கத்துக்கு உதாரணம் அமெரிக்காவின் ஜார்ஜியா. பெரிய கட்சிகளைச் சேராதவர் காங்கிரஸ் கீழவைக்கு நிற்கப் பதிவான வாக்காளர்களில் 5 சதவீதம் பேரின் கையெழுத்து வேண்டும் என்று 1943-ல் சட்டம் வந்தது. அதற்குப் பின் மூன்றாம் கட்சி ஒன்றின் வேட்பாளர்கூட அந்தச் சுவரைத் தாண்டவில்லை. ஜப்பானில் கீழவைத் தொகுதிக்கு டெபாசிட் 30 லட்சம் யென். அவற்றோடு ஒப்பிட்டால் நம் நிபந்தனைகள் எளிதானவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் இலங்கை வேறொரு பாடம் சொல்கிறது. 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் ஏராளமான வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். நிராகரித்தவற்றில் பலவற்றை ஏற்கும்படி வாக்குப்பதிவுக்கு முன்பே உத்தரவு வந்தது. தேர்தலும் நடந்தது.

சுயேச்சையே வேண்டாமா?

2015-ல் சட்ட ஆணையத்தின் 255-வது அறிக்கை ஒரு படி மேலே போய், சுயேச்சைகளையே தடை செய்யலாம் என்று பரிந்துரைத்தது. எண்ணிக்கையைப் பார்த்தால் அதற்கு வலு இருப்பதுபோலத் தெரியும். 2024 மக்களவைத் தேர்தலில் 3,921 சுயேச்சைகள் நின்று ஏழு பேர் வென்றார்கள். 1957-ல் 42 பேர் வென்றிருந்தார்கள்.

அந்த ஏழு பேரில், தன் கட்சியோ கூட்டணியோ சீட் கொடுக்காததால் தனியாக நின்று மகாராஷ்டிரத்தின் சாங்லியிலும் பிகாரின் பூர்ணியாவிலும் வென்றவர்கள் உண்டு. விஷாலின் மனு தள்ளுபடியான அதே ஆர்.கே.நகரில் குக்கர் சின்னத்தில் வென்ற டி.டி.வி.தினகரனும் சுயேச்சைதான். யார் நிற்க வேண்டும் என்பதைக் கட்சித் தலைமை மட்டுமே முடிவு செய்யும் நாட்டில், அந்த முடிவை மறுத்துப் பேச வாக்காளருக்கு இருக்கும் கடைசி வழி சுயேச்சை. வென்றவர் ஏழு பேர்தான் என்பதற்காக அதை அடைத்துவிட முடியாது. அவருக்கு ஏற்கெனவே இருக்கும் இடைஞ்சல்களும் குறைவில்லை. வாபஸ் முடிந்தபின்தான் சின்னமே கிடைக்கும். அதிலிருந்து வாக்குப்பதிவுக்குச் சட்டப்படி 14 நாள் இருந்தால் போதும். வாக்குச்சீட்டிலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், பதிவு பெற்ற கட்சிகள், அதற்கும் கீழேதான் அவர் பெயர்.

என்ன செய்யலாம்?

டெபாசிட்டை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. அயர்லாந்துபோல டெபாசிட் அல்லது கூடுதல் கையெழுத்து என்று தேர்வு செய்யும் உரிமையைக் கொடுக்கலாம். ரூ. 25,000 இல்லாதவர், நூறு வாக்காளர்களைச் சேர்த்துக்கொண்டு வரட்டும். பணத்தைவிட அது கடினமான, உண்மையான தேர்வு.

கையெழுத்தை மனுத்தாக்கல் நேரத்திலேயே சரிபார்க்கலாம். எழுதத் தெரியாதவர் கைநாட்டை அதிகாரி முன்னிலையில் வைக்க வேண்டும் என்று இப்போதே விதி இருக்கிறது. அதே ஏற்பாட்டை எல்லாருக்கும் விரிவாக்கினால், பின்னால் ‘என் கையெழுத்து இல்லை’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது. தேவைக்கு மேல் ஐந்து முன்மொழிபவர்களைக் கூடுதலாகச் சேர்க்க அனுமதித்தால், ஒருவர் பிறழ்ந்தாலும் மனு நிற்கும்.

எல்லாவற்றையும்விட அவசியம், நிராகரிப்புக்கு எதிராக உடனடி மேல்முறையீடு. பரிசீலனைக்கும் வாபஸ் கெடுவுக்கும் நடுவே இப்போது இரண்டே நாள். அதில் இன்னும் இரண்டு நாள் சேர்த்து, தேர்தல் ஆணையத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அமர்வு ஒன்றை வைக்கலாம். நீதிமன்றம் குறுக்கிடவில்லை என்பதால் நாமக்கல் வழக்குத் தீர்ப்பும் மீறப்படாது. நிராகரிப்புக்கான காரணத்தை அதிகாரி எழுத வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைப் பரிசீலனையின் வீடியோவோடு அன்றைக்கே இணையத்தில் போடட்டும்.

எட்டு வாக்கு வாங்கும் ஒருவர் பட்டியலில் இருப்பதால் நஷ்டம் யாருக்கு? வாக்குப்பதிவுப் பலகையில் ஒரு வரி. அவர் வேண்டாமென்றால் வாக்காளர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். அந்தத் தவறை மக்களே சரிசெய்துகொள்வார்கள். தவறாகக் கழிக்கப்பட்ட பெயரைத் திரும்ப எழுதும் அதிகாரம் வாக்காளரிடம் இல்லை. அவரால் திருத்த முடியாத தவறைத் தடுப்பதற்குத்தான் சட்டம் முதலில் முனைய வேண்டும்.